உரிந்து விழுந்த எண்கள்

இடது கை பானை ஓட்டுத் துண்டைச் சாய்த்துப் பிடித்திருந்தது. வலது கையில் இடுக்கி. அதன் நுனியில், சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத ஒரு மஞ்சள் சவ்வு. சவ்வின் மேல் கறுப்பு மையில் பொடி எழுத்தில் ஓர் எண்: 412. கைகள் அந்தச் சவ்வை ஓட்டின் உள்புறத்தில் பட்டும் படாமலும் வைத்து, உருப்பெருக்கிக்குக் கீழே கொண்டுபோய், ஒரு மயிரிழை திருப்பி, மறுபடி பார்த்தன. பொருந்தவில்லை. அந்த ஓட்டை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தன. அதுவும் பொருந்தவில்லை. காலையிலிருந்து இது முப்பத்தெட்டாவது ஓடு.

"சார், மணி பத்தரை" என்றார் வாசலில் நின்ற கிடங்குக் காவலர். இடுப்பில் தொங்கும் கொத்தால் அருங்காட்சியகம் முழுக்க அவருக்குச் சாவி என்றே பெயர். "இன்னிக்குத்தான் கடைசித் தேதின்னு நீங்கதான் சொன்னீங்க. அஞ்சு மணிக்கு கவுண்டரை மூடிருவாங்க. நீங்க என்னடான்னா இன்னும் ஓட்டுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கீங்க."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

காப்பாட்சியர் இடுக்கியைக் கீழே வைத்தார். மேசையின் மறு ஓரத்தில் விண்ணப்பம் கிடந்தது. அருங்காட்சியகங்களில் வேலை பார்ப்பவர்கள் பயிற்சி பெறவும் ஆய்வு செய்யவும் ஓர் அறக்கட்டளை ஆண்டுக்கு ஒரு முறை நல்கை தருகிறது. சம்பளத்தோடு ஆறு மாத விடுப்பு, பொருள்களைப் பாதுகாக்கும் ஆய்வகம் ஒன்றில் ஓர் இருக்கை, ஒரு நல்ல நுண்ணோக்கி. ஐம்பது வயதுக்குள் இருக்க வேண்டும். அவருக்கு நாற்பத்தொன்பது முடிந்து எட்டு மாதம் ஆகிறது. ஏற்கெனவே மூன்று முறை விண்ணப்பித்து, மூன்று முறையும் ஒரே வரியில் பதில் வந்தது: தேவை நிறுவப்படவில்லை. இந்த முறை எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டார், ஏழாவதைத் தவிர. 'போதிய பயிற்சி இல்லாததால் உங்கள் சேகரிப்புக்கு நேர்ந்த இழப்பு என்ன? சான்றுடன் எழுதுக.'

சான்று இருந்தது. பதினெட்டுத் தட்டுகள் நிறைய இருந்தது. இழப்பைச் செய்தது யார் என்பதைத்தான் கை எழுத மறுத்தது.

இருபத்தாறு வயதில் அவர் இந்த வேலைக்கு வந்தபோது வரலாற்றுப் பட்டம் ஒன்று கையில் இருந்தது. ஓடுகளைத் தொட்டுப் பழக்கம் இல்லை. தெரியுமா என்று யாரும் கேட்கவும் இல்லை. கிடங்குச் சாவியைக் கொடுத்து, பதிவேட்டைக் காட்டி, "பாத்துக்குங்க" என்றார்கள். அவ்வளவுதான் பயிற்சி. அங்கே இங்கே கேட்டு, ஒரு கருத்தரங்கில் யாரோ வைத்திருந்த கையேட்டை நகலெடுத்து வந்தார். அதை வரி வரியாகப் படித்துத்தான் தொழிலைக் கற்றார். பொருளின் மேல் எண் எழுதுவது எப்படி என்ற பகுதி நாற்பத்தொன்றாம் பக்கத்தில், 'எழுதும் இடத்தில் முதலில் நிறமில்லாத மெல்லிய பூச்சு ஒன்று கொடுக்க வேண்டும். அதற்கு' என்று முடிந்தது. அடுத்து வந்தது நாற்பத்துநான்காம் பக்கம். அங்கே அலமாரிக் கதவுக்கு எண்ணெய் போடுவது பற்றி இருந்தது.

அந்த 'அதற்கு' என்ற சொல்லோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்தினார். பிறகு கடைக்குப் போய் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு புட்டி வாங்கினார். நிறமில்லாதது, மெல்லியது, உடனே காய்வது. எல்லாம் சரியாகவே இருந்தது. எட்டு வருடத்தில் ஆயிரத்து எண்ணூற்று அறுபத்துநான்கு ஓடுகளுக்கு எண் போட்டார். இரண்டு பூச்சு, நடுவில் எண். ஒவ்வொரு புட்டி தீர்ந்ததும் தேதியையும் கம்பெனியையும் அது எந்தெந்தத் தட்டுக்குப் போனது என்பதையும் நோட்டில் குறித்துக்கொள்வார். கடைக்காரர் அவரைக் கண்டாலே, "வாங்க மாப்ளே, அதே கலர்தானே?" என்பார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் மனைவிக்குக் கேலி செய்ய இது ஒன்றே போதுமாக இருந்தது. "கட்டின பொண்டாட்டிக்கு இன்னிக்கு வரைக்கும் ஒரு புட்டி வாங்கிக் குடுத்ததில்ல. பானை ஓட்டுக்கு மட்டும் அலங்காரம் நடக்குது."

அவருக்கு முன்னால் இருந்த காப்பாட்சியர் பூச்சும் போடவில்லை, பொறுமையும் பார்க்கவில்லை. ஓட்டின் மேல் நேரடியாகக் கறுப்பு மையால், பெரிய பெரிய கோழிக் கிறுக்கலாக எண்ணை எழுதித் தள்ளிவிட்டுப் போனார். பார்வையாளர்களிடம் அந்த ஓடுகளைக் காட்ட இவருக்குக் கூச்சமாக இருக்கும். சுவரைப் பார்த்தபடி திருப்பி வைப்பார்.

இரண்டு மாதத்துக்கு முன்பு நாலாவது அலமாரியைத் திறந்தார். தட்டுகளின் அடியில் மீன் செதில் மாதிரி மஞ்சள் மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவருடைய கையெழுத்து. பூச்சு பழுத்துச் சுருங்கி, எண்ணோடு சேர்ந்து உரிந்து விழுந்திருந்தது. எண்ணிப் பார்த்ததில் ஆயிரத்து முந்நூறுக்கு மேல் போயிருந்தன. மற்றவை ஓரம் தூக்கிக்கொண்டு நின்றன. முன்னவரின் கோழிக் கிறுக்கல் ஓடுகள் அறுநூறும் அப்படியே இருந்தன, ஒரு புள்ளி அழியாமல்.

மறுநாள் காலை சமையலறையில் மனைவியிடம் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். சிரிப்பாள் என்று நினைத்தார்.

"எங்க லேப்ல ஒரு ட்யூப்ல நம்பர் போச்சுன்னா கொட்டிருவோம்ங்க" என்றாள். "யாரு ரத்தம்னு தெரியாம வச்சுக்கிட்டு என்ன பண்றது? ஆளைத் திரும்பக் கூப்பிட்டு ஊசி குத்தி எடுப்போம். உங்களால திரும்ப எடுக்க முடியுமா?"

முடியாது. ஓடுகள் கிடைத்த மேடு இப்போது நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்கிறது. எந்தக் குழி, எத்தனை அடி ஆழம், பக்கத்தில் என்ன கிடந்தது என்பதையெல்லாம் பதிவேடு சொல்லும். ஆனால் எந்த ஓட்டைப் பற்றிச் சொல்கிறது என்பதை எண்தான் சொல்ல வேண்டும். எண் போனால் ஓடு வெறும் ஓடு. அடுத்த ஆண்டு சரிபார்ப்புக் குழு வருகிறது. எண்ணில்லாத பொருளைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவது அவர்கள் வழக்கம்.

ஒரே ஒரு வழி இருந்தது, அதையும் அவரே கண்டுபிடித்தார். பூச்சு ஈரமாக இருந்தபோது களிமண்ணின் நெளிவுகளுக்குள் இறங்கிக் காய்ந்திருக்கிறது. அதனால் சவ்வின் அடிப்பக்கம் தன் ஓட்டின் அச்சை வைத்திருந்தது. எந்தச் சவ்வு எந்த ஓட்டோடு பொருந்துகிறதோ, அதுதான் அதன் எண். ஆனால் கிடங்கில் இருந்தது கை உருப்பெருக்கி ஒன்றுதான். இரண்டு மாதத்தில் பதினொரு ஓடுகளுக்கு எண் திரும்பியது. இந்த வேகத்தில் போனால் மிச்சத்துக்கு இருபது வருடம் ஆகும். ஆய்வகத்து நுண்ணோக்கி இருந்தால் ஆறு மாதத்தில் பெரும்பகுதியை மீட்கலாம். இல்லையென்றால் அவர் கையால் போட்ட எண்களை அவரே குப்பையில் கூட்டித் தள்ள வேண்டியதுதான்.

பேனாவை எடுத்தார். முதலில் எழுதியதில் எண்கள் தாமாகவே ஏறி உட்கார்ந்து தாமாகவே இறங்கிப் போயிருந்தன. அதைக் கிழித்தார். இரண்டாவதில் தட்பவெப்பம் குற்றவாளி. அதையும் கிழித்தார். மூன்றாவதை மூச்சுவிடாமல் எழுதி, படித்துப் பார்க்காமல் கையெழுத்துக்காக இயக்குநர் அறைக்கு எடுத்துப் போனார்.

இயக்குநர் அவரைவிடப் பத்து வயது இளையவர். வேறு துறையிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருடம் ஆகிறது. ஏழாவது பதிலை இரண்டு முறை படித்தார்.

"சார், இதை நீங்களே எழுதினீங்களா? இல்ல உங்களப் பிடிக்காதவங்க யாராவது எழுதிக் குடுத்தாங்களா?"

"நான்தான் மேடம்."

"'எனது அறியாமையால்'னு போட்டிருக்கீங்க. இதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போட்டா, எனக்கும் தெரியும்னு ஆயிடும். தெரிஞ்சும் என்ன பண்ணேன்னு நாளைக்கு மேல இருந்து கேப்பாங்க." தாளை மேசையில் வைத்தார். "உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் இருந்தார்ல? அவர் பண்ணினதுன்னு மாத்திருங்க. அவர் போய்ச் சேந்து ஒன்பது வருஷம் ஆச்சு. எழுந்து வந்து சண்டை போடப் போறதில்ல."

அந்த யோசனை காப்பாட்சியருக்கு வராமல் இல்லை. நேற்று முழுக்க அதோடுதான் மல்லுக்கட்டினார். இரண்டே சொல்லை மாற்றினால் போதும்.

"அவர் எழுதினது ஒண்ணுகூடப் போகல மேடம்" என்றார். "போனது பூராவும் நான் எழுதினதுதான். எந்த வருஷம் எந்தப் புட்டி, எந்தத் தட்டுல எந்த நம்பர், எல்லாத்தையும் நோட்டுல வச்சிருக்கேன். அந்த நோட்டை வச்சுத்தான் எந்தச் சவ்வை எந்தத் தட்டுல தேடணும்னு தெரியும். அவர் பண்ணினார்னு போட்டா நோட்டைக் காட்ட முடியாது. நோட்டு இல்லன்னா நாலாவது தடவையும் அதே ஒரு வரிதான் வரும்."

"நல்கை வரலன்னா? வேலைக்கும் ஆபத்து, ஓடும் போச்சுன்னா?"

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். இயக்குநர் சன்னலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் பேனா மூடியைத் திறந்தார்.

"போட்டுத் தரேன். ஆனா நாளைக்குக் காலையில உங்க மேசைக்கு மெமோ வரும். விளக்கம் கேட்டு. அதுக்கு மேல விசாரணைன்னு போனா என்னால தடுக்க முடியாது. என்னைத் தப்பா நினைக்காதீங்க."

"போடுங்க மேடம்."

நகலெடுக்கவும் படங்களை ஒட்டவும் மூன்று மணி ஆகிவிட்டது. பேருந்து நிறுத்தத்தில் நின்று மனைவிக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் சுற்றும் சத்தம் கேட்டது.

"மெமோவா? ஏங்க, உங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? ஓய்வுக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கு? யாராச்சும் தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குவாங்களா?"

"வேற வழி தெரியலம்மா."

"தெரியலன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? கையெழுத்து வாங்கினப்புறம்தான் என் ஞாபகம் வந்துச்சா?" இயந்திரம் நின்றது. அழுகிறாளோ என்று பயந்தார். "மணி என்ன?" என்றாள்.

"மூணு இருபது."

"அப்ப போனை வைங்க. பஸ்ஸ விட்டுட்டு அதுக்கும் சேத்து அழ வேண்டாம்."

அறக்கட்டளை அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரே ஓர் எழுத்தர் இருந்தார். வரிசையில் ஏற்கெனவே ஏழு பேர். காப்பாட்சியர் முறை வந்தபோது நாலே முக்கால். கண்ணாடிக்குக் கீழே இருந்த இடுக்கு குறுகல். மொத்தக் கட்டும் நுழையவில்லை. பிரித்துப் பிரித்துத் தள்ள வேண்டியிருந்தது. முதலில் படங்கள் போயின. பிறகு நோட்டின் நகல், நாற்பது பக்கம். பிறகு எண் திரும்பிய பதினொரு ஓடுகளின் பட்டியல். எழுத்தர் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தார். கடைசியாக விண்ணப்பம். அதைக் காப்பாட்சியர் இன்னும் கையிலிருந்து விடவில்லை. எழுத்தர் கண்ணாடி வழியாகவே ஏழாவது கட்டத்தை ஓட்டமாகப் படித்தார்.

"நெயில் பாலிஷா?" என்றார், சற்று உரக்கவே. வரிசையில் யாரோ சிரித்தார்கள். எழுத்தர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, இருபது வருஷமா இந்த சீட்ல இருக்கேன். இந்தக் கட்டத்துல எல்லாரும் மழை, வெள்ளம், கரையான்னுதான் எழுதுவாங்க. மாத்தி எழுதணும்னா அங்க மேசை இருக்கு, இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. சீல் குத்தினப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

காப்பாட்சியர் அந்த மேசையைப் பார்த்தார். கயிற்றில் கட்டிய பேனாகூட இருந்தது.

"குத்துங்க" என்று சொல்லி, இரண்டு கையாலும் தாள்களை ஓரம் தட்டிச் சமமாக்கி, இடுக்குக்குள் தள்ளினார். பாதி போனதும் எழுத்தர் மறுமுனையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.