பெரியப்பா ஜெர்மனியாக இருந்த வருடம்

வெடிமருந்துப் புகைக்கு ஒரு புளிப்பு வாசனை உண்டு. பாறை உடைக்கக் கிணற்றுக்குள் வேட்டு வைத்து அரைமணி நேரம் ஆனாலும் அது மூக்கை விட்டுப் போகாது. துவைத்துக் காயப்போட்ட பாவாடையில், மூடி வைத்த சோற்றில், பள்ளிக்கூடப் பையில்கூட ஏறிக்கொள்ளும். கிணற்றுமேட்டிலிருந்து "வேட்டு... வேட்டோய்!" என்று ஆள் கத்தியதும் நாங்கள் வீட்டுக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்தி, காதைப் பொத்திக்கொண்டு, தரை ஒருமுறை குலுங்கி ஓயும்வரை மூச்சுவிடாமல் நிற்போம். நான் பத்தாம் வகுப்புப் படித்த வருடம் எங்கள் தோட்டத்தில் பூ வாசனையைவிட இந்த வாசனைதான் அதிகம் வீசியது.

பல்லடத்துக்குத் தெற்கே, பருத்தியும் சோளமும் விளைந்த தோட்டம் அது. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது நிலம் சரிபாதியாகப் பிரிந்தது. பழைய கிணறு மட்டும் பெரியப்பாவின் பக்கம் போய்விட்டது. அப்பா தன் பக்கத்தில் புதிதாக ஒன்று வெட்டினார். இரண்டு கிணற்றுக்கும் நடுவே ஒரு வரப்பும் ஒரு வரிசைத் தென்னையும்தான். அப்பா தன் கிணற்றைப் பத்தடி ஆழப்படுத்தினால் பெரியப்பாவின் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிடும்; உடனே அவர் பதினைந்து அடி இறக்குவார்; எங்கள் கிணறு வற்றும். அப்பா மூன்று எச்.பி. மோட்டாரை மாற்றி ஐந்து எச்.பி. போட்டால், அடுத்த வாரமே பெரியப்பா வீட்டில் ஏழரை எச்.பி. வந்து இறங்கும். தண்ணீர் தேவையாக இருந்ததா என்றால் இருந்தது. ஆனால் அவ்வளவு ஆழத்துக்கு இல்லை என்பது பருத்திச் செடிக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

முதல் சண்டை ஓர் எருமைக்கன்றால் வந்தது. எங்கள் கிணற்றில் வேட்டு வைத்தவன் குழிமேல் போடவேண்டிய பனைமட்டைகளைச் சரியாகப் போடவில்லை. கல் பறந்துபோய் பெரியப்பாவின் கட்டுத்தரையில் நின்ற கன்றின் மேல் விழுந்து, அது செத்துப்போனது. சென்னிமலையிலிருந்து பெரியம்மாவின் தம்பி, முன்கோபக்காரர், அன்றைக்கே புல்லட்டில் வந்து இறங்கினார். அதைக் கேள்விப்பட்டு இரண்டு நாள் கழித்துக் கொடுமுடியிலிருந்து எங்கள் மாமா ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்தார். அவர் எதற்கும் மெதுவாகத்தான் கிளம்புவார், கிளம்பினால் கூட்டமாகத்தான் வருவார். பெரியப்பா அப்பாவின் மேல் கை வைத்தது அன்றைக்குத்தான். பிறகு சொந்தக்காரப் பெரியவர்கள் கோயில் முன்னால் கூடி, கை நீட்டியதைச் சொல்லி, தப்பு முழுக்கப் பெரியப்பாமேல்தான் என்று தீர்த்து, இரண்டு வருடம் அவர் கிணற்றில் வேட்டு வைக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டுச் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

இரண்டு வருடம் முடிவதற்குள்ளாகவே பெரியப்பா மறுபடி வேட்டு வைக்க ஆரம்பித்தார். இந்த முறை வாய்ச்சண்டைகூட இல்லை. இரண்டு வீட்டுக்கும் பேச்சே கிடையாது. எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். இந்த நிலையில்தான் என் அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமானது. பெரியப்பா வராவிட்டால் பங்காளி வீடுகள் ஒன்றும் வராது. மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே, "உங்க பெரிய ஊட்டுக்காரங்களக் காணமுங்களே?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். மூன்றாம் முறை கேட்டால் கல்யாணம் நிற்கும் என்று அம்மா அழுதாள். அக்கா அழவில்லை, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். எனக்கு அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் அந்தச் சமயம் உலகப்போர்களுக்கான காரணங்கள் என்ற பாடம் நடந்துகொண்டிருந்தது. "அடிப்படைக் காரணங்கள் தனி, உடனடிக் காரணம் தனி, கலக்கி எழுதுனா மார்க் கெடையாது" என்று வரலாற்று டீச்சர் சொல்லிவிட்டார். எனக்கோ நாடுகளின் பெயர் மனதில் நிற்கவே இல்லை. யார் யாரோடு சேர்ந்தார்கள், யார் முதலில் படை திரட்டினார்கள் என்பதெல்லாம் காலையில் படித்தால் மதியம் குழம்பிவிடும். ஒருநாள் "ஜெர்மனி கப்பல் கட்டியது; அதைக் கண்டு இங்கிலாந்து இன்னும் பெரிய கப்பல் கட்டியது" என்ற வரியைப் படிக்கும்போது எனக்குச் சட்டென்று மோட்டார் ஞாபகம் வந்தது. பென்சிலை எடுத்து ஜெர்மனிக்கு மேலே "பெரியப்பா" என்றும் இங்கிலாந்துக்கு மேலே "அப்பா" என்றும் சின்னதாக எழுதினேன். ஆஸ்திரியாவுக்குச் சென்னிமலைக்காரர். ரஷ்யாவுக்குக் கொடுமுடி மாமா. சுட்டுக் கொல்லப்பட்ட இளவரசருக்கு மேலே "எருமைக்கன்னு" என்று எழுதினேன். இரண்டாம் உலகப்போரில் எதையும் தடுக்க முடியாத சர்வதேச சங்கத்துக்குக் கோயில் முன்னால் கூடிய பெரியவர்கள். எழுதி முடித்தபோது மொத்த விடையும் தலைக்குள் நின்றுவிட்டது. கோடிக்கணக்கானவர்களைக் கொன்ற போரை ஒரு கிணற்றுத் தகராறோடு சேர்த்தது சின்னப்பிள்ளைத்தனம்தான். ஆனால் எனக்குத் தெரிந்த போர் அது ஒன்றுதான்.

பெரியப்பா மகள் சுமதி என் வகுப்புதான். வீட்டில் பேச்சு இல்லையே தவிர, பஸ்ஸிலும் பள்ளிக்கூடத்திலும் நாங்கள் ஒரே பெஞ்சு. அவள் மஞ்சள் காமாலையில் இரண்டு வாரம் படுத்துவிட்டாள்; அவளுக்காக வகுப்புத் தோழி ஒருத்தி வந்து நோட்டுகளைக் கேட்டபோது எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்தனுப்பினேன். பென்சில் எழுத்து ஞாபகம் வந்தது மறுநாள் காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டேன். அன்றைக்குப் பள்ளிக்கூடமே போகவில்லை.

அன்று சாயங்காலம், வெயில் இன்னும் தாழவில்லை, பெரியப்பா வரப்பைத் தாண்டி எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் என் வரலாற்று நோட்டு. அப்பா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்காவின் கல்யாணத்தை நான்தான் கெடுத்தேன் என்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது.

"ஏங்கண்ணு," என்றார் பெரியப்பா என்னைப் பார்த்து, "நாந்தான் ஜெர்மனியா?"

அவர் நோட்டைப் பிரித்து, விரலை வைத்து, சத்தமாகப் படித்தார். அப்பாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. பெரியப்பா தலையை நிமிர்த்தி, "மொதல்ல கப்பல் கட்டுனது நானுன்னு எழுதீருக்குது. மொதல்ல வேட்டு வெச்சது ஆரு? நானா?" என்றார்.

"பின்ன? ஏழர எச்.பி. எறக்குனது ஆருங்ணா?" என்றார் அப்பா.

"நீ அஞ்சு போட்டதுனாலதான நான் ஏழர போட்டேன்!"

"உங்க கெணத்துல அப்பவே முப்பதடி தண்ணி நின்னுச்சுங்ளே!"

"ஆரு பார்த்தா? நீ எட்டிப் பார்த்தயா?"

இரண்டு வருடத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் வார்த்தைகள் இவை. சத்தம் பெரிதாக இருந்தது, ஆனால் சத்தத்தில் பழைய விஷம் இல்லை. இரண்டு பேரும் நோட்டின் மேல் குனிந்து, வாத்தியாரிடம் மார்க் கேட்கிற பையன்களைப் போல வரிக்கு வரி மல்லுக்கு நின்றார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

பெரியப்பா பக்கத்தைத் திருப்பினார். இரண்டாம் உலகப்போர். ஹிட்லர் பெயர் வந்த இடத்தில் அவர் விரல் நின்றது. "இவனுக்கு மேல ஆரையும் எழுதுலயே?"

எனக்கு எப்படித்தான் வாய் வந்ததோ. "அந்த அளவுக்கு நம்ம ஊட்ல ஆருமில்லீங் பெரியப்பா."

அப்பா சிரித்துவிட்டார். பெரியப்பாவின் மீசையும் அசைந்தது. ஆனால் அடுத்த வரிக்குப் போனபோது அவர் முகம் மாறியது. நோட்டை என் கையில் கொடுத்து, "இத நீயே படி" என்றார்.

படித்தேன். போரின் முழுப் பழியும் ஜெர்மனியின் மீதே சுமத்தப்பட்டது. அதன் தரப்பை யாரும் கேட்கவில்லை. எல்லார் முன்னிலையிலும் கையெழுத்திட வைத்தார்கள். அந்த அவமானமே அடுத்த போருக்கு வித்தானது. அதற்கு மேலே பென்சிலில் நான் எழுதியிருந்ததையும் படிக்கச் சொன்னார். "பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கோயில் முன்னால் நின்றது."

"இத ஆரு உனக்குச் சொன்னாங்க?"

"நானே பார்த்தேனுங் பெரியப்பா. எனக்கு அழுவாச்சி வந்துருச்சுங்."

அவர் கட்டிலின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். அப்பா நின்றபடியே, "உங்கள மட்டும் அப்படி நிக்க வெச்சது தப்புத்தானுங்ணா. கன்னு செத்ததுக்கு நானும் நின்னுருக்கோணும்" என்றார். அப்பா தன் தப்பை ஒப்புக்கொண்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொள்ளவும் இல்லை.

யாரும் சொல்லாமலே அம்மா உள்ளே போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் கல்யாணப் பத்திரிகையை வைத்துக் கொண்டுவந்தாள். அப்பா தட்டை வாங்கி அண்ணன் கையில் கொடுத்தார். பெரியப்பா பத்திரிகையைப் பிரித்து, தன் பெயர் முதலில் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். போட்டிருந்தது. "எம்பட எருமைக்கன்ன இளவரசனாக்கிப் போட்டயே அம்மணி," என்றார் என்னிடம், "அதுக்காச்சும் வரோணுமல்லொ." உள்ளே அக்கா இருந்த அறையிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. அன்றைக்கு அவள் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

கல்யாணத்துக்குப் பங்காளி வீடுகள் எல்லாம் வந்தன. சென்னிமலைக்காரரும் கொடுமுடி மாமாவும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, யார் ஊர் மாப்பிள்ளை உசத்தி என்று சண்டை போட்டார்கள். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பொதுத்தேர்வில் உலகப்போர்களின் காரணங்கள் வரவே இல்லை. வேறு என்னமோ கேட்டார்கள், எனக்குத் தெரியாது, சுமதிக்கும் தெரியாது. இரண்டு பேரும் சுமாராகத்தான் பாஸ் செய்தோம்.

நான் கோயமுத்தூருக்கு வந்து நெடுங்காலம் ஆயிற்று. வேட்டு வைக்கும் ஆட்கள் இப்போது எங்கள் பக்கம் வருவதில்லை. இரண்டு கிணறுகளையும் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே தொட்டியிலிருந்து குழாய்த் தண்ணீர். இளவயதில் பார்த்ததெல்லாம் மறைந்துவிட்டதென்று வருத்தப்படுவது வழக்கம். எனக்கு அந்த வருத்தம் அவ்வளவாக இல்லை. எது மறைந்தது என்பதைப் போன மாதம்தான் சரியாகத் தெரிந்துகொண்டேன்.

சுமதியின் மகனுக்குப் பெண் கொடுக்க, அவள் பிறந்த வீட்டையும் விசாரித்து வந்தவர்கள் பெரியப்பா வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் போயிருந்தேன். அப்பாவும் பெரியப்பாவும், இருவருக்கும் எண்பதைத் தாண்டிவிட்டது, ஒரே சோபாவில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் தயங்கித் தயங்கி, "தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தக் காலத்துல உங்க ரெண்டு ஊட்டுக்கும் ஏதோ பெரிய சண்டைன்னு கேள்விப்பட்டமுங்க. என்ன காரணமுங்க?" என்றார்.

"சண்டையா?" என்றார் பெரியப்பா. "எங்களுக்குள்ளயா?"

"ஆருங்க சொன்னது?" என்றார் அப்பா கோபமாக. "அண்ணனும் நானும் ஒரு நாளு பேசாம இருந்ததில்லீங்களே!"

பொய் சொல்கிறார்களா, நிஜமாகவே மறந்துவிட்டார்களா என்று இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. வந்தவர் சந்தேகத்தோடு என் பக்கம் திரும்பினார். அடிப்படைக் காரணம், உடனடிக் காரணம் எல்லாமே எனக்கு வரிசையாகத் தெரியும். எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, "இருங்க, காப்பி எடுத்துட்டு வாரேன்" என்று எழுந்து உள்ளே போனேன்.