நான் ஏறி இருந்த ரயர்

அரிசிப் பை கிழிந்த அன்றைக்குத்தான் நான் ரயரில் ஏறினேன். அதற்கு முதல் ஏறுகிற எண்ணம் எனக்குத் துளியும் இருக்கவில்லை.

வெரிபீயில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு விளையாட்டுத் திடல் இருக்கிறது. அந்தக் குளிர்காலம் முழுக்க, வேலைக்குப் போக முன் என் மருமகள் அங்கே ஒரு பழைய கார் ரயரை இழுத்துக்கொண்டு திரிந்தாள். இடுப்பில் அகலமான பட்டி, பட்டியில் கயிறு, கயிற்று நுனியில் ரயர், ரயருக்கு மேல் ஒரு பலகை, பலகைக்கு மேல் பாரம். அவள் ஐஸ் ஹொக்கி விளையாடுகிறவள். புல்லில் விளையாடுகிற ஹொக்கி இல்லை. அடியில் கத்தி பூட்டிய சப்பாத்தைப் போட்டு, உறைந்த தரையில் வழுக்கி ஓடி, ஒரு கறுப்பு வட்டைத் தடியால் அடிக்கிற விளையாட்டு. கலியாணம் பேசின நேரம் இதைப் பற்றி ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் பகிடி என்று நினைத்திருப்பேன். மூன்று வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பிள்ளை, பனிக்கட்டியில் நிற்கும் என்று யார் நினைப்பார்கள்?

அதற்கு முந்தின வருடம் பெரிய அணிக்கு ஆள் எடுத்தபோது அவளைக் கழித்துவிட்டார்கள். அன்று பின்னேரம் குசினிக்குள் வந்து, புட்டை அவித்து இறக்கிக்கொண்டிருந்த எனக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள்.

"கால் காணாதாம் மாமி."

"உன்ர காலுக்கு என்ன குறை? வடிவாத்தானே இருக்கு."

"வடிவு ஆருக்கு வேணும்? பலம் வேணும். கை நல்லம், கண் நல்லம், கால்தான் பிழையாம். குனிஞ்சு, முழங்காலை மடிச்சு, கதிரையில இருக்கிற மாதிரியே ஓடவேணும். கடைசி வளைவில தொடை எரியுது. நான் நிமிந்திடுறன். நிமிந்தா வேகம் போயிடும்."

"அடுத்த முறை நிமிராதை."

"அடுத்த முறைதான் கடைசி முறை மாமி. எனக்கு முப்பத்தி நாலு. அதையும் விட்டா கோச் சின்னப் பிள்ளையளைத்தான் எடுப்பா."

அவள் அழவில்லை. புட்டில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கராஜுக்குள் போய்விட்டாள். அந்த நடையைப் பார்த்ததும், இவள் விடமாட்டாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. எனக்கும் விடுகிற பழக்கம் இல்லை. அதை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மகனுடைய கார் தெருவில் நின்றது. கராஜ் அவளுக்கு. நான் என் கதிரையைக் கராஜ் வாசலில் போட்டு, தேத்தண்ணியோடு இருந்து பார்ப்பேன். எனக்கு அவசரமான வேலை என்ன இருக்கிறது?

சுவரில் முதுகைச் சாய்த்து, கதிரை இல்லாத இடத்தில் கதிரையில் இருப்பதுபோல் இருப்பாள். தொடை நடுங்கும். வியர்வை நாடியில் வந்து நிற்கும். எழும்பமாட்டாள். பிறகு ஒற்றைக் காலில் இருந்து எழும்புவாள். பிறகு ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு, நண்டு பாய்கிற மாதிரிப் பக்கவாட்டில் பாய்ந்து, விழுந்த காலிலேயே ஆடாமல் நிற்பாள். "பனியில காலைப் பின்னால உதைக்கிறேல்ல மாமி, பக்கத்துக்குத்தான் தள்ளுறது. அதுக்குத்தான் இது" என்றாள். வழுக்குகிற நீளப் பலகை ஒன்றும் வாங்கி வைத்திருந்தாள். சப்பாத்துக்கு மேல் காலுறையைப் போட்டு அதில் அங்கும் இங்கும் வழுக்குவாள். சறுக், சறுக் என்று அந்தச் சத்தம் குசினி வரைக்கும் கேட்கும். தோசைக்கு மாவை ஊற்றும்போது என் கையும் அந்தத் தாளத்துக்கே சுழலும்.

ரயருக்கு வருகிறேன். பாரத்துக்கு முதலில் சீமெந்துக் கல் வைத்தாள். கல் ஒவ்வொரு பள்ளத்திலும் உருண்டு விழுந்தது. அதனால் ஒருநாள், என்னிடம் கேளாமல், குசினி அலுமாரியிலிருந்த சிவப்பரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த அரிசி, நகரத்தின் மற்றக் கரையிலிருக்கிற ஸ்பிரிங்வேலுக்குப் போய், மூன்று கடை ஏறி இறங்கி நான் பார்த்து எடுத்த அரிசி. யன்னலால் பார்க்கிறேன், திடலில் சிவப்பாக ஒரு கோடு போகிறது. அவள் முன்னால் குனிந்து இழுக்கிறாள், பின்னால் பை கிழிந்து கொட்டிக்கொண்டே வருகிறது. நெஞ்சு சிவந்த கிளிகள் ஒரு கூட்டமாக இறங்கி, கலியாண வீட்டுப் பந்திபோல வரிசையாய் இருந்து சாப்பிடுகின்றன.

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன்.

"என்ன பிள்ளை இது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். முகம் செத்துப்போனது. "ஐயோ மாமி, சொறி. பாரம் திடீரெண்டு லேசாப் போச்சு, எனக்குக் கால் பலமாகிட்டுது எண்டு நினைச்சன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டவில்லை. கிழிந்த பையைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பலகையில் ஏறி இருந்தேன். சீலையைக் கணுக்காலோடு இறுக்கிச் செருகினேன்.

"மாமி, என்ன செய்யிறியள்?"

"நான் கிழிய மாட்டன். இழு."

முதலில் ரயர் அசையவில்லை. பிறகு ஒரு சாண். பிறகு புல்லில் ஈரம் இருந்த இடத்தில் போகத் தொடங்கியது. அவளுடைய குதிகால் மண்ணுக்குள் புதைந்து புதைந்து எழும்பியது. கரைவலை இழுக்கிறவர்களுடைய குதியை மன்னாரில் அப்படிப் பார்த்திருக்கிறேன். இங்கே ஒரு பெட்டையின் காலில் அதைக் காண்பேன் என்று நினைக்கவில்லை.

பின்னேரம் மகன் வேலையால் வந்து கேள்விப்பட்டுக் குதித்தான்.

"அம்மாவுக்கு என்ன விசரே? விழுந்து இடுப்பு உடைஞ்சா?"

"ரயர் நிலத்தில கிடக்குது. நிலத்தில இருந்து எங்கையடா விழுறது?"

"நான் இரும்புத் தட்டு வாங்கித் தாறன்."

"வாங்கு. வரும்வரைக்கும் அவள் சும்மா நிக்கிறதே?"

இரும்பு வந்தது. கராஜ் மூலையில் கிடந்தது. மருமகள் தொடவில்லை. ஏன் என்று மகன் கேட்டதற்கு, "இரும்பு கதைக்காது" என்றாள்.

நான் ரயரில் சும்மா இருக்கவில்லை. பின்னால் இருந்து பார்க்கிறவளுக்குத்தான் தெரியும், இழுக்கிறவளின் இடுப்பு எப்போது எழும்புகிறது என்று. திடலின் அந்தக் கோடியில் திரும்பும்போது, அவள் சொன்ன மாதிரியே, களைத்து மெல்ல மெல்ல நிமிருவாள். கோச் அவளுக்கு என்ன சொன்னாவோ அதையே நானும் கத்துவேன். "இரு பிள்ளை! இரு! இருந்து இழு!" இடுப்பு கீழே இறங்கும். ரயர் ஓடும்.

ஒரே ஒரு கரைச்சல். கோச் பாரத்தின் அளவைக் கேட்டாவாம்.

"மாமி, உங்கட நிறை எத்தனை கிலோ?"

"அது உனக்கு என்னத்துக்கு?"

"அளவு தெரிஞ்சாத்தானே மாமி கிழமைக்குக் கிழமை கூட்டலாம்."

"போதுமான பாரம் எண்டு சொல்லு."

டொக்டரிடம் போகும்போதும் நிறை பார்க்கும் தட்டில் நான் ஏறினால் அவள் மற்றப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். அதனால் பாரத்தைக் கூட்ட வேண்டிய நேரம் வந்தபோது, புதிதாக வாங்கிய அரிசிப் பையை என் மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பையின் நிறை பையிலேயே எழுதியிருந்தது. என் நிறை எங்கேயும் எழுதியில்லை.

ஊர் சும்மா இருக்குமா? பக்கத்துத் தெருவில் எங்கள் ஆட்கள் நாலைந்து குடும்பம். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வாசலில் நின்றபோது ஒருத்தி, என் மகன் வயதுதான் இருக்கும், வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"அன்ரி, உங்கட மருமகள் மாடு மாதிரி இழுக்கிறா, நீங்கள் வண்டில்ல போறியள் எண்டு கதைக்கினம்."

"ஓம். நல்ல வண்டில். நீயும் வந்து ஏறன்."

"எனக்கெண்டா வெக்கமா இருக்கும் அன்ரி."

"இதில என்ன வெக்கம் பிள்ளை? உன்ர மருமகள் உன்னை இழுக்கிற காலம் வந்தாச் சொல்லு, நான் வந்து பாக்கிறன்."

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் காருக்குப் போய்விட்டாள். என் வீட்டு ஆள் ரயர் இழுத்தால் அது என் வீட்டு விசயம். வாசலில் நின்று அளக்க மற்றவர்களுக்கு என்ன இருக்கிறது?

பிறகு அவள் பின்பக்கமாக இழுக்கப் பழகினாள். ஹொக்கியில் எதிரியைப் பார்த்தபடியே பின்னுக்கு வழுக்கி ஓடவும் வேண்டுமாம். பின்னால் இழுப்பதென்றால் அவள் முகம் என்னைப் பார்த்திருக்கும். ஒரு வீட்டில் நாலு வருடம் இருந்தும் நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் முகத்துக்கு முகம் பார்த்ததில்லை. சோற்றுக் கோப்பையைப் பார்ப்போம், ரீவியைப் பார்ப்போம். இங்கே கயிற்றின் நீளம்தான் இடைவெளி. பார்க்காமல் எங்கே போவது?

ஒரு காலை, புல்லில் பனி வெள்ளையாகக் கிடந்தது. அவளுக்கு மூச்சு புகையாக வந்தது. நான் கேட்டேன், "இவ்வளவு பாடு எதுக்குப் பிள்ளை? காசும் தாறாங்கள் இல்லை."

அவள் நிற்கவில்லை. இழுத்துக்கொண்டே, மூச்சுக்கு மூச்சு விட்டு விட்டுச் சொன்னாள். "ஐஸில நிக்கேக்க... ஒருத்தரும் என்னட்ட... எப்ப பிள்ளை பெறப்போறாய் எண்டு... கேக்கிறேல்ல மாமி."

ரயர் கொஞ்சத் தூரம் போனது. கேட்டவர்களுக்குள் நானும் இருந்தேன், முன்வரிசையில். அவளும் அதை அறிந்தே சொன்னாள். கண்ணை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

"இடுப்பு எழும்புது" என்றேன். "இரு."

இருந்தாள். அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு என் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. ஒருநாள் போனில் கேட்ட அவளுடைய பெரியம்மாவுக்கு நானே மறுமொழி சொன்னேன். அவ பிறகு ஒரு மாதம் எங்கள் வீட்டுக்குப் போன் எடுக்கவில்லை.

குளிர்காலம் முடியும் நேரம் ஆள் எடுக்கும் நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. ஞாயிறு பூசை தவறும் என்பதால் நான் சனிக்கிழமை மாலைப் பூசைக்கே போய்விட்டேன். கோயிலுக்குக் கடன் வைக்கக்கூடாது.

அந்த மண்டபத்துக்குள் காலை வைத்ததும் ஒரு குளிர், மீன் பெட்டியைத் திறந்தால் வருகிற மாதிரி. இரண்டு சுவெற்றரும் மகனின் ஜக்கெற்றும் போட்டுக்கொண்டு மேலே நீள வாங்கிலில் இருந்தேன். கீழே பெண்கள் வழுக்கித் திரிந்தார்கள். தலைக்கவசம் போட்டால் எல்லோரும் ஒன்று. ஆனால் இடுப்பைப் பார்த்தே என் ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன்.

சோதனை இதுதான் என்று மகன் சொன்னான்: ஒருவர் ஒருவராக, பனித்தரையை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, சடாரென்று நின்று, நேர்கோட்டில் பின்பக்கமாக வழுக்கிப் போகவேண்டும். கோச் கையில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு நிற்பா. ஆளுக்கு இரண்டு முறை. நல்லதை எடுப்பார்கள்.

முதல் முறை அவள் கடைசி வளைவில் விழுந்தாள். கத்தி எதிலோ தடக்கி, வயிற்றோடு சறுக்கிக்கொண்டு போய்ப் பலகைச் சுவரில் முட்டினாள். மண்டபம் முழுக்கச் சத்தம். மகன் எழும்பினான். "இரடா" என்றேன். அவள் தானாக எழும்பினாள். பனியைத் தட்டிக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல் வரிசைக்குப் போனாள்.

இரண்டாம் முறை அவளுடைய பெயரைக் கூப்பிடும்வரை எனக்குக் குளிரே தெரியவில்லை.

புறப்பட்டாள். முதல் வளைவு, ஒரு காலுக்கு மேல் மற்றக் காலைப் போட்டுப் போட்டு, அழகாகப் போனாள். நீளப் பக்கம். கராஜில் கேட்ட அதே சறுக், சறுக். கடைசி வளைவுக்கு வருகிறாள். எனக்குத் தெரியும், அந்த இடத்தில்தான் தொடை எரியும். இடுப்பு ஒரு விரல் உயர்ந்தது. நான் எழும்பி நின்றேன்.

"இரு பிள்ளை! இருந்து போ!"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். இடுப்பு இறங்கியது. கத்தி பனியை வெட்டிப் பூவாகத் தெறிக்க அவள் அந்த வளைவைத் தாண்டி வந்தாள். நின்றாள். உடனேயே பின்பக்கமாக, முகம் எங்கள் பக்கம் இருக்க, இழுத்துக்கொண்டு போனாள். இழுக்க அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் ரயர்ப் பலகையின் விளிம்பைப் பிடிக்கிற மாதிரி வாங்கிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கோச் மணிக்கூட்டைப் பார்த்தா. பிறகு அவளைப் பார்த்தா. பிறகு தலையை ஒரு முறை ஆட்டினா. அவ்வளவுதான். மருமகள் அந்த இடத்திலேயே குந்தி இருந்துவிட்டாள். மகன் என்னைக் கட்டிப் பிடித்தான், எனக்கு மூச்சு முட்டியது.

எல்லாம் முடிந்து அவள் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு கோச்சையும் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தாள். கோச் உயரமான பெண், நரைத்த கட்டைத் தலைமயிர். காலைத் தொட்டுக் காட்டி, எப்படி இவ்வளவு மாறியது என்று கேட்டிருக்கிறா. இவள் என்னைக் காட்டி, "இதுதான் மிஸ், நான் இழுத்த பாரம்" என்று இங்கிலீசில் சொல்லியிருக்கிறாள்.

கோச் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்துச் சிரித்தா. பிறகு கேட்டா. எனக்கு இங்கிலீசு அதிகம் வராது, ஆனால் அது விளங்கியது. "ஹவ் மெனி கிலோஸ்?"

மருமகள் பதறிப்போய், "நோ, நோ" என்று கையை ஆட்டினாள். மகன் சப்பாத்தைப் பார்த்தான்.

நான் ஜக்கெற்றை இழுத்துவிட்டு நிமிர்ந்து நின்று, இங்கிலீசிலேயே, பக்கத்து வாங்கிலுக்கும் கேட்கிற மாதிரி, சரியான எண்ணைச் சொன்னேன்.

அதை இங்கே எழுத மாட்டேன்.