வெட்டிய குழாயும் கர்த்தர் தந்த மகளும்

ஆண்டவருடைய பிள்ளைகளுக்கு ஸ்தோத்திரம். நான் கீழ் கோத்தகிரிப் பக்கம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். இந்தச் சாட்சியைச் சாந்தமாக எழுதச் சொன்னார் போதகர் ஐயா. முயன்று பார்த்தேன். வரவில்லை.

கல்யாணமாகி ஆறு வருஷம் எனக்குப் பிள்ளையில்லை. இலங்கையிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, இந்தக் குளிரில் வந்து விழுந்தவர்கள் நாங்கள். இங்கே எங்களுக்கென்று யாரும் கிடையாது. பெண்கள் ஐக்கியத் தலைவியம்மா எல்லார் முன்பாகவும் என்னிடம், "உன்கிட்ட ஏதோ மறைவான பாவம் இருக்குது. அறிக்கை பண்ணும்மா, கர்ப்பம் தன்னால நிக்கும்" என்றார். யோசித்து யோசித்து, செய்யாததையெல்லாம் சபை முன்பு அறிக்கை பண்ணினேன். அடுத்தவள் கூடையில் கொழுந்து எடுத்தேன் என்றுகூடச் சொன்னேன். அந்த அம்மாளுக்கு அதுவும் போதவில்லை.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு ஆண்டவரிடம் சண்டை போட்டேன். "பிள்ளை தராவிட்டால் போகட்டும். ஏன் தரவில்லை என்றாவது சொல்லும்." வேறொன்றும் கேட்கவில்லை. கண்ணீர்கூட வரவில்லை, அவ்வளவு கோபம்.

அந்த வாரமே மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா தோட்டத்துக்கு வந்தார். என்னைச் சோதித்துவிட்டு, "உங்களுக்கு ஒரு குறையும் இல்லைங்க. ஊட்டுக்காரரைக் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். என் வீட்டுக்காரர் யோசேப்பு எகிறினார். "ஆம்பளைய போய் சோதிக்கிறதா? லயத்து வீடுங்கள்ல எல்லாம் சிரிப்பானுங்க."

"ஆறு வருஷமா என்னைப் பார்த்துதான் சிரிக்கிறாங்க. நீங்களும் கொஞ்சம் வாங்கிக்குங்க" என்றேன். வந்தார்.

கோயமுத்தூர் டாக்டர் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிட்டு எதுக்குங்க புள்ளை கேக்கறீங்க?"

இவர் முழித்தார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கல்யாணத்துக்கு முன்பு, தோட்டத்துக்கு வந்த புதிதில், சூப்பர்வைசர் இவரை வேனில் ஏற்றியிருக்கிறார். கப்பலில் வந்தவர்களுக்கு விரைவீக்கம் வருமாம், கீறிவிட்டால்தான் வேலை நிரந்தரமாம். மண்டபத்தில் வரிசையில் நிற்க வைத்து ஊசி போட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், எங்கள் ஜனம் கேள்வி கேட்காமல் கையை நீட்டியது. இதையும் அப்படியொன்று என்று நினைத்துப் படுத்துவிட்டார். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இத்தனை ஆள் பிடித்தோம் என்று கணக்குக் காட்டுவதற்காக ஒரு கல்யாணமாகாத பையனின் விதைக் குழாயை வெட்டிக் கட்டிவிட்டார்கள். அந்த சூப்பர்வைசர் எங்கள் சபையில் முன் பெஞ்சில் உட்காருகிறவர். நான் பாவத்தை அறிக்கை பண்ணியபோது ஆமென் சொன்னவர்.

வெட்டியதைச் சேர்த்துப் பார்க்கலாம், ஆனால் உறுதியில்லை என்றார் டாக்டர். உள்ளே உயிரணு செத்திருந்தால் சேர்த்தும் பயனில்லை. ஆபரேஷன் அன்று வராந்தாவில் நின்றேன். "ஆண்டவரே, மனுஷன் கெடுத்தது இது. நீர் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்? இப்போது இறங்கும்" என்றேன். டாக்டர் குழாயின் நுனியைத் திறந்து, கசிந்த ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டு ஆள் அனுப்பினார். "அணு உயிரோட இருக்குதுங்களாம், அம்மா." அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

குழாய் சேர்ந்தது. ஆனால் அணு கொஞ்சமாகத்தான் வந்தது. ஆகவே டாக்டரம்மா இவருடையதையே எடுத்து, மெல்லிய குழலால் என் கர்ப்பப்பையில் வைத்தார். இரண்டு முறை வீணாய்ப் போனது. லயத்தில் "டாக்டர் புள்ளை" என்று கேலி. மூன்றாம் முறை கர்த்தர் நிலைக்கப் பண்ணினார். மகள் பிறந்தாள். அவளுடைய காது அப்படியே யோசேப்பின் காது. கேலி செய்தவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

ஞானஸ்நானத்தன்று சூப்பர்வைசர் பிள்ளையை வாங்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. "அதை மறக்கக் கூடாதாம்மா?" என்றார். "இவரைப் படுக்க வைக்குமுன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மறந்திருப்பேன்" என்றேன். மன்னிக்க வேண்டும் என்று தெரியும். அதற்கும் ஜெபிக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை. என் கோபத்தைக் கேட்ட ஆண்டவர் அதையும் தருவார்.

பிள்ளையில்லாத சகோதரிகளே, செய்யாத பாவத்தை அறிக்கை பண்ணாதீர்கள். கோபமிருந்தால் கோபத்தோடே அவரிடம் போங்கள், அவர் தள்ளமாட்டார். பிறகு வீட்டுக்காரரின் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போங்கள்.