பலகைக்கு எத்தனை வால்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஆற்றை மறித்து அணை கட்டினார்கள். தண்ணீர் ஏறி ஏறி, அஞ்சாம் நம்பர் மலையின் அடிவாரத்துத் தேயிலையையும், நாங்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து அங்கே போகிற பாதையையும் சேர்த்து மூடிவிட்டது. மலையின் மேல்பாதி மட்டும் அக்கரையில் தப்பி நின்றது. எங்களுக்குக் கொழுந்து எடுக்கிற வேலை அங்கே. வேலைநேரத்தில் கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பரா இக்கரையில். அதில் என் மகன், பிறந்து நான்கு மாதம்.

பால் கொடுக்கிற தாய்மாருக்குப் பகல் கொழுந்து நிறுவை முடிந்ததும் போய்த் திரும்ப ஒரு மணித்தியாலம் விடுவார்கள். தண்ணீரைச் சுற்றி நடந்தால் போகவே முக்கால் மணித்தியாலம் ஆகும். முதல் வாரம் ஓடிப் பார்த்தேன். திரும்பி வருவதற்குள் வேலை தொடங்கிவிடும். பிள்ளைக்கோ அரை வயிறுகூட நிறைந்திருக்காது. அங்கே பிள்ளைகளைப் பார்க்கும் ஆயம்மா டின் பால் கரைத்துக் கொடுத்தார். அவன் பாதியைத் துப்பினான், உள்ளே போனதும் வயிற்றாலே போனது. கையைப் பிடித்தால் எலும்பு தெரிந்தது.

கங்காணி கெட்ட மனிதர் இல்லை. ஆனாலும் ஒரு நாள், "ஒண்ணு புள்ளையப் பாரு, இல்லாட்டி மலைக்கு வா. நேரங்கழிச்சு வர்றவளுக்கு நான் தொரைகிட்ட என்னத்தச் சொல்றது?" என்று கேட்டுவிட்டார். எனக்கு எப்போதும் வாய் திறந்து பதில் சொல்ல வராது. கூடையை மாட்டிக்கொண்டு செடி நிரைக்குள் இறங்கினேன்.

என் வீட்டுக்காரருக்குத் தேயிலை ஸ்டோரில், கொழுந்தைத் தூளாக்குகிற இடத்தில், வேலை. அங்கே தச்சுவேலை செய்த சிங்களவரைப் பாஸ் என்போம்; கடற்கரை ஊர்க்காரர். நான் தண்ணீரைக் கடப்பதற்காக, அவரும் வீட்டுக்காரருமாக ஸ்டோரில் கழித்துப்போட்ட பலகைகளை எடுத்து, உள்ளே காற்று அடைபடும்படி இரண்டு தட்டாகப் பொருத்தி, தார் பூசி, ஒரு ஆள் மண்டிபோட்டு உட்காரும் அளவுக்கு மிதக்கிற பலகை ஒன்றைச் செய்தார்கள். துழாவுவதற்குக் கையில் ஒரு தட்டைக் கட்டை.

முதலில் வீட்டுக்காரரே ஏறினார். இடப்பக்கம் துழாவினால் பலகை வலப்பக்கம் சுற்றியது, வலப்பக்கம் துழாவினால் இடப்பக்கம். ஒரே இடத்தில் நின்று சுழன்றார். கரையில் கொழுந்துக்காரிகள் கூடிவிட்டார்கள்.

"அண்ணே, கொழும்புக்கா, கண்டிக்கா? ஒரு முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்றாள் ஒருத்தி.

அடியில் வால் இல்லாத பலகை நேரே போகாது என்று பாஸ் சொன்னார். பின்பக்கத்து அடியில், நட்டநடுவில், மீன் செட்டைபோல ஒரு பலகைத் துண்டை நிற்க வைத்தார். அதைத்தான் வால் என்றோம். அது செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி நீளம், கிட்டத்தட்ட ஒரு முழம், இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தார். ஆழமாக இறங்கினால் உறுதி என்பது அவர் எண்ணம்.

உறுதியாகத்தான் இருந்தது. மறுநாள் பகல் மலைப்பக்கக் கரையிலிருந்து நான் ஏறினேன். எனக்கு நீச்சல் தெரியாது. கண்ணை மூடாமல் இருந்ததே பெரிய காரியம். பாதித் தூரம் நேராகப் போன பலகை, கீழேயிருந்து யாரோ பிடித்ததுபோல் நின்றுவிட்டது. குனிந்து பார்த்தேன். தண்ணீருக்குள் தேயிலைச் செடிகள் இலை உதிர்ந்து கொம்பு கொம்பாக நின்றன. ஒரு செடிக்குள் வால் மாட்டியிருந்தது. கையை விட்டுக் கொம்பை ஒடித்துக் கரை சேர்ந்தபோது, பிள்ளை அழுது களைத்துத் தூங்கிப்போயிருந்தான்.

அடுத்த நாள் மூன்று வால் வைத்துக் கொடுத்தார்கள். மூன்றும் அதே நீளம். திருப்ப முடியாத பாரம். ஒன்று மாட்டிய இடத்தில் இப்போது மூன்றும் மாட்டின.

அன்று சாயங்காலம் தண்ணீர்க் கரையில் வைத்து, "போதும் புள்ள. வேலையில இருந்து பேரை வெட்டிட்டு வீட்டுல இரு" என்றார் வீட்டுக்காரர்.

அவரும் பாஸும் ஸ்டோர்க்காரர்கள். தண்ணீருக்குள் போன அந்த மலையில் ஒரு நாள்கூடக் கூடை சுமந்ததில்லை. நான் அங்கே ஏழு வருஷம் கொழுந்து எடுத்தவள். எங்கே பள்ளம், எங்கே மேடு என்று என் காலுக்குத் தெரியும். பாஸுக்கு முன்னால் பேசக் கூச்சமாக இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நடுவுல மேட்டுச் செடி நிரை இருக்குங்க. அங்க செடிக்கு மேல ஒரு சாண் தண்ணிதான். வாலு நாலு விரக்கடை போதும். நடுவுல வேணாம், ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொண்ணு வைங்க. ஒண்ணு குட்டையா இருந்தா சுத்திரும். ரெண்டு இருந்தா புடிச்சுக்கும்."

வீட்டுக்காரர் குனிந்து நடுவாலைத் தட்டிப் பார்த்தார். பாஸ்தான் தலையாட்டினார்.

"நங்கி சொல்றது சரி. நாங்க தண்ணி மட்டுந்தான் பார்த்தது, செடி பார்க்க இல்ல" என்றார். நங்கி என்றால் அவர் பாஷையில் தங்கச்சி.

குட்டையாக இரண்டு வால் செய்து, கொம்பு பட்டாலும் வழுக்கிப் போகும்படி முன் விளிம்பைச் சாய்த்து இழைத்துப் பொருத்தினார்.

மறுநாள் பகல் கூடையை நிறுத்துக் கொடுத்துவிட்டு ஏறினேன். மேட்டு நிரை வந்ததும் அடியில் கொம்புகள் உரசும் சத்தம் கேட்டது. பலகை நிற்கவில்லை. கொஞ்சம் அசைந்தது, ஒரு துழாவு துழாவியதும் நேரானது.

ஈரச் சேலையோடு பிள்ளைக்காம்பராவுக்குள் போனேன். ஆயம்மா அவனைத் தூக்கிக் கொடுத்தார். ஒரு பக்கம் குடித்தான், மறுபக்கமும் குடித்தான். குடித்து முடித்து என் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்து விளையாட ஆரம்பித்தான். நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"இன்னும் நேரம் கெடக்கு, ஒக்காரு" என்றார் ஆயம்மா.

உட்கார்ந்தேன்.