முடியைக் காப்பாற்றிய குடும்பம்

எனக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த அன்று என் கணவரின் அக்கா கேட்ட முதல் கேள்வி, "முடி கொட்டுமா?" என்பதுதான். பிழைப்பேனா என்று கேட்கவில்லை. என் மகளுக்குப் பொம்மிடிப் பக்கம் ஒரு வரன் கூடி வந்திருந்த நேரம். பையனை அவளுக்கும் பிடித்திருந்தது. தாய்க்கு இந்த நோய் என்று தெரிந்தால், நாளைக்குப் பெண்ணுக்கும் வருமே என்று சம்பந்தத்தை முறித்துவிடுவார்கள். "மொட்டத் தலையோட நீ நின்னா ஊரே கண்டுபுடிச்சுரும். பூ வெக்கிற வரைக்கும் முடி நிக்கணும்" என்றாள் நாத்தனார். என் கணவர் தலையாட்டினார். அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாத மனிதர் அவர்.

கீமோ மருந்து ஏறும்போது தலையைக் குளிர வைத்தால் முடி தங்கும் என்று அவள்தான் போனில் பார்த்து வைத்திருந்தாள். அப்படிக் குளிர வைக்கிற தொப்பி பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தது. ஊரில் கேட்டவர்களிடம் முதுகு வலிக்கு வைத்தியம் என்று சொல்லிவிட்டு, பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து விடியும் முன்பே கிளம்புவோம். முடியை நனைத்து, மருந்து ஏறுவதற்கு முன்பே தொப்பியை இறுக்கி மாட்டுவார்கள். சனியன் பிடித்த குளிர். தொடக்கத்தில் நெற்றியில் ஆணி அடிப்பது போல வலிக்கும். "ஸ்வல்ப தட்கொள்ளி அம்மா" என்று கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்வாள் நர்ஸ். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. பக்கத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, "பல்லக் கடிச்சுக்க, புள்ளைக்காகத்தானே" என்று உட்கார்ந்திருந்த நாத்தனார் மேல்தான். அடுத்த நாற்காலியில் அதே தொப்பியோடு இன்னொரு பெண் இருந்தாள். தன் முடிக்காகத் தானே ஆசைப்பட்டு மாட்டிக்கொண்டவள். அவளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

தங்கினாலும் தங்கும், போனாலும் போகும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். எண்ணெய் கூடாது, இறுக்கிப் பின்னக் கூடாது, அகலப் பல் சீப்பால்தான் வார வேண்டும். எங்கள் வீட்டிலேயே வந்து தங்கி நாத்தனார் போலீஸ் வேலை பார்த்தாள். தலையணையைத் தட்டிப் பார்ப்பாள், நான் குளித்துவிட்டு வந்தால் துண்டைப் பிடுங்கிப் பார்ப்பாள். நான் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுக்கும்போதும், "ரொம்பக் குனியாத, முடி இழுக்குது" என்றாள். ஒரு வாய் தண்ணீர் கொடுக்கத் தோன்றவில்லை அந்த மகராசிக்கு. முடி மெலிந்துகொண்டே வந்தது. ஆனாலும் பார்வைக்கு நின்றது.

மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வந்தார்கள். பெண்ணுக்குப் புடவை கொடுத்து, தலையில் பூ வைத்து, இனி இவள் எங்கள் வீட்டுப் பெண் என்று உறுதி செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். நான் முடியைத் தளர்வாகச் சுருட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்து, "என்னங்க சம்பந்தி, நல்ல நாள்ல தலையில பூ இல்லாம நிக்கறீங்க?" என்றார்.

எண்ணெய், சீப்பு, தலையணை என்று எல்லாவற்றையும் யோசித்த நாத்தனார் பூவை யோசிக்கவில்லை. சுமங்கலி பூவில்லாமல் நின்றால் அபசகுனம் என்று பேச்சு வருமே என்று பதறி, தாம்பாளத்திலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து, ஹேர்பின்னால் என் தலையில் தானே குத்தினாள். "மெதுவா, மெதுவா" என்றேன். காதில் வாங்கவில்லை. சரம் கனத்துச் சரிந்தது. அதைப் பிடித்து இழுத்துச் சரி செய்யப் பார்த்தாள். பூவோடு முடியும் கொத்தாக அவள் கைக்கு வந்துவிட்டது.

"ஷாம்பு ஒத்துக்கலைங்க" என்றாள். கையில் முடியை வைத்துக்கொண்டே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள்! எனக்கு வந்ததே ஆத்திரம். "கேன்சருங்க. மார்ல. மருந்து ஏத்திட்டு இருக்கறேன்" என்றேன். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்க்கவில்லை. என் மகளைத்தான் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார். "வூட்ல பேசிட்டுச் சொல்றோங்க" என்று பூ வைக்காமலே எழுந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு ஒரு போன்கூட வரவில்லை.

அவர்கள் கார் கிளம்பும் முன்பே நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள். "வாய வெச்சுகிட்டு சும்மா இருந்திருந்தா நான் சமாளிச்சிருப்பேன். புள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே!" நல்லாயிருக்கிறது நியாயம். நேராக மகளின் அறைக்குப் போனேன். அந்தப் பையனை நினைத்து அழுதுகொண்டிருப்பாள், என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டட்டும், அவளுக்கு அந்த உரிமை உண்டு.

அவள் அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, முந்தானைக்குள் கையை விட்டுத் தன் மார்பை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் வருமாம்மா?" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் அதைக் கேட்டுவிடுவார்களே என்றுதான் அத்தனை நாளும் செத்துக்கொண்டிருந்தோம். அவளும் கேட்பாள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் வராது, சும்மா இரு!" என்று வெளியிலிருந்து நாத்தனார் கத்தினாள்.

"நீங்க மொதல்ல உங்க வூட்டுக்குப் போங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

"தெரியலையே சாமி" என்றேன் மகளிடம். அடுத்த முறை பெங்களூருக்கு அவள்தான் என்னோடு வந்தாள். தொப்பியை எடுத்து வந்த நர்ஸிடம் வேண்டாம் என்றேன். டாக்டர் உள்ளே வந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டு முடிப்பதற்குள் மகள் தன் கேள்வியைக் கேட்டுவிட்டாள்.