சுப்பாத்தாள் பெரியம்மாவின் பத்துப்பேர் வண்டி

“அக்கா, நீ பின்னால ஏறிக்க. பாப்பா உன்ற மடியில உக்காந்துக்கட்டும்,” என்றார் ராமாத்தாள் சின்னம்மா.

“முன்னால ஆரு?” என்று கேட்டார் சுப்பாத்தாள் பெரியம்மா.

“நாந்தான். பின்னால உக்காந்தா எனக்குத் தலை சுத்துதுக்கா.”

“எப்பருந்து சுத்துது?”

“காரு வாங்குனதுல இருந்து,” என்றார் என் அம்மா.

கல்யாண மண்டபத்து வாசலில் நின்ற எல்லாரும் சிரித்தோம். சின்னம்மாவும் சிரித்துவிட்டார். பெரியம்மா மட்டும் பட்டுச்சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். கொழிஞ்சாம்பாறை தாண்டுவதற்குள் பாப்பா அந்தச் சேலையில் வாந்தி எடுத்துவிட்டது. “குழந்தைதான, உடு,” என்றார். வீட்டு முன்னால் இறங்கியதும் என்னைத் தனியாக அழைத்தார்.

“அம்முணி, பத்துப் பேரு உக்கார்ற வண்டி எங்க கெடைக்குமுன்னு கேட்டுச் சொல்லு.”

எழுபத்து நாலில் நடந்த பேச்சு இது. அம்மாவும் அவருடைய அக்காவும் தங்கையுமாக மூன்று பெண்கள். மூத்தவர் சுப்பாத்தாள் பெரியம்மா. கிழக்குப் பாலக்காட்டில், வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில், கடலையும் கரும்பும் விளையும் நிலம் அவருக்கும் அப்புசாமி பெரியப்பாவுக்கும். பெயருக்குத்தான் பெரியப்பா பண்ணையக்காரர்; ஆளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது, மாடு பிடிப்பது, கரும்புக்கு விலை பேசுவது எல்லாம் பெரியம்மாதான். கடைசிப் பெண்ணான சின்னம்மாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவரும் அவரே. சின்னம்மாவுக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது தூங்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம்.

சின்னம்மாவின் கணவர் கஞ்சிக்கோட்டில் புதிதாக வந்த ஆலைகளுக்குக் கட்டட வேலை எடுத்துச் செய்தார். அதற்குப் பிறகு அங்கே ஒரு பொருள் வந்தால் பெரியம்மாவுக்குச் சோறு இறங்காது. அங்கே ரேடியோ வந்தது. இங்கே அதைவிடப் பெரிய ரேடியோ வந்தது. அங்கே கார் வந்தது. அதற்கு மட்டும் இவரிடம் பதில் இல்லை.

காரைவிட அவருக்குப் பொறுக்காதது வேறு. பங்குனி உத்திரத்துக்கு எங்கள் ஆட்கள் எல்லாரும் பழனிக்குப் போவோம். முன்பெல்லாம் பெரியம்மா வீட்டுக் கூண்டு வண்டியில்தான் போவது. யார் எங்கே உட்கார வேண்டும், எங்கே கட்டுச்சோறு பிரிக்க வேண்டும் என்று அவர் வாய் திறந்து சொன்னால்தான் நடக்கும். கார் வந்த பிறகு அதைச் சின்னம்மா சொன்னார். தான் தூக்கி வளர்த்தவள் தனக்கு இடம் ஒதுக்குகிறாள்.

மலைமேல் சக்குபள்ளத்தில் ஓர் ஏலத்தோட்டக்காரர், பெட்ரோல் விலை ஏறியதால் தன் பழைய வேகனை விற்கப் போகிறார் என்று மார்கழியில் சேதி வந்தது. டிரைவரோடு பத்துப் பேர் உட்காரும் வண்டி. பெரியப்பா, பெரியம்மா, எங்கள் பக்கத்துக் கிணறுகளில் ஆயில் இஞ்சின் ரிப்பேர் பார்க்கும் காளிச்சாமி மூவரும் கிளம்பினார்கள். பெண் துணைக்கும், தோட்டக்காரரிடம் மலையாளத்தில் பேசுவதற்கும் நான். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறும்போதே பெரியம்மா இரண்டு சேலைகளைப் போர்த்திக்கொண்டார்.

தோட்டத்தில் பகல் பன்னிரண்டுக்கும் பனிமூட்டம் விலகவில்லை. தோட்டக்காரர் நல்ல மனிதர். “கயறி நோக்கிக்கோளு,” என்று ஏறிப் பார்க்கச் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு ஏலம் காய வைத்த இடத்துக்குப் போய்விட்டார். டிரைவர் மொக்கையன் கூட நின்றார்.

எங்கள் ஊரில் கிணற்று இஞ்சினைச் சோதிக்க ஒரு வழி உண்டு. இஞ்சினைக் குளிர்வித்துவிட்டு வெளியே விழும் தண்ணீரில் கையை வைப்பார்கள். கை பொறுத்தால் நல்ல இஞ்சின். காளிச்சாமி அதையே செய்தார். வண்டியை நின்றபடியே ஓடவிட்டு, நாங்கள் டீ குடித்து முடித்த பிறகு, முன்னால் தண்ணீர் ஊற்றும் மூடியைத் திறந்து விரலை விட்டார்.

“வெதுவெதுன்னுதானுங்க இருக்குது. பச்சப்புள்ளைய இதுல குளிப்பாட்டலாமுங்க.”

“ஆத்தா, ஒண்ணு சொல்லிப்புடுறேன்,” என்றார் மொக்கையன். “இது குளிருல ஓடுன வண்டி. ஒங்க ஊரு வெக்கையில எப்படி நிக்கும்னு நான் பாத்ததில்ல. நல்லா யோசிச்சு வாங்குங்க.”

“உங்களுக்கு வண்டிய உட மனசில்லீங்களா?”

“இத்தன வருசம் ஓட்டுனவன் தாயி. இருக்கத்தான செய்யும்.”

“அதான் பேசறீங்க,” என்றார் பெரியம்மா.

“ஏம்புள்ளை, ஒருக்கா மேட்டுல ஏத்திப் பாத்துப்போடலாமா?” என்று கேட்டார் பெரியப்பா.

“பழனி போற வழியில மேடு எங்கீங்க இருக்குது?” என்றார் பெரியம்மா.

அவர் இஞ்சின் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே ஏறி ஒவ்வோர் இடத்திலும் உட்கார்ந்து பார்த்தார். இது உங்கம்மாளுக்கு, இது மாமனுக்கு, இங்க நீ என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தார். பின்கதவு ஓரத்தில் ஒரு மூலை; மெத்தை கிழிந்து உள்ளிருந்து கம்பி எட்டிப் பார்த்தது.

“இது ராமாத்தாளுக்கு.”

“சின்னம்மாவுக்குக் காரு இருக்குதுங்களே, பெரியம்மா.”

“ஒரு நாளைக்கு என்ற வண்டியில வரட்டும்.” கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தார். “மத்த சீட்டெல்லாம் தெச்சுப்போடச் சொல்லு, காளிச்சாமி. இது இப்படியே இருக்கட்டும்.”

வண்டி ஊர் வந்து சேர்ந்தது. மலை இறங்கும்போது இஞ்சினுக்கு வேலையில்லை. கீழேயும் மார்கழிப் பனி. உள்ளே நாங்கள் நான்கு பேர்தான். ஒரு குறையும் தெரியவில்லை. பச்சை பெயின்ட் அடித்து, முன்னால் வேல் படம் ஒட்டினார்கள். வருவோர் போவோரையெல்லாம் பெரியம்மா ஏற்றி உட்கார வைத்துக் காட்டினார். சின்னம்மா வந்து பார்த்து, “நல்ல விசாலமா இருக்குதுக்கா,” என்று மனதாரச் சொன்னார். அந்தப் பாராட்டும் பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “வயித்தெரிச்சல், எப்படிச் சிரிச்சு மறைக்கறா பாத்தியா,” என்றார் என்னிடம்.

அந்த வண்டி இன்றும் இருக்கிறது. ஐப்பசியிலிருந்து தை வரை ஓடும். பிறகு அடுத்த ஐப்பசி மழை வரும் வரை கொட்டகையில் நிற்கும். அதன் காரணத்தை நாங்கள் தெரிந்துகொண்டது அந்தப் பங்குனியில்.

மாமா குடும்பம், அம்மா, நான் என்று வண்டி நிறைய ஏறினோம்; காளிச்சாமி ஓட்டினார். பெரியப்பா மாடு கன்றைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்டார். சின்னம்மாவையும் அழைத்தார்கள். “புள்ளைகளுக்குச் சிரமம், நாங்க காருல பின்னாலயே வர்றோம்,” என்று சொல்லிவிட்டார். பெரியம்மா முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். “பின்னாலதான வர்றா, வரட்டும்,” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உடுமலை தாண்டியதும் வெயில் உச்சிக்கு வந்தது. வண்டியின் முன்னாலிருந்து விசில் போல ஒரு சத்தம் கிளம்பியது. கண்ணாடியை ஆவி மறைத்தது. காளிச்சாமி புளியமரத்தடியில் நிறுத்தினார். “தண்ணி கொதிக்குதுங்க,” என்றார். ஆறவிட்டு, வாய்க்கால் தண்ணீர் ஊற்றிக் கிளம்பினோம். அடுத்த ஊர் வருவதற்குள் மறுபடி கொதித்தது. மூன்றாவது தடவை நின்றபோது மாமாவின் குழந்தைகள் வெக்கையில் அழத் தொடங்கினார்கள்.

அப்போது சின்னம்மாவின் கார் வந்து நின்றது. சின்னம்மா சிரிக்கவில்லை. இறங்கி வந்து அழுத குழந்தைகளைத் தூக்கிக்கொண்டார். “ரெண்டு நடையாக் கொண்டுபோய் உட்டுடலாங்க்கா. நீயும் வா.”

“வண்டிய உட்டுப்போட்டு நான் எப்படி வர்றது? அவங்களைக் கூட்டிட்டுப் போ. சாமி கும்பிட நேரமாச்சு.”

முதல் நடையில் மாமா வீட்டார் போனார்கள். இரண்டாவது நடைக்குக் கார் திரும்பி வந்ததும் அம்மா தயங்கித் தயங்கி ஏறினார். கதவைத் திறந்து பிடித்தபடி என்னைப் பார்த்தார். பெரியம்மா புளியமர நிழலில் என் பக்கத்தில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பச்சை வண்டியின் கதவில் படிந்த புழுதியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“காருல இன்னும் ஒரு எடம் இருக்குது, அம்முணி,” என்றார். “நீ அதுல ஏறாத.”