ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பக்கம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றாலே எனக்கு முதலில் மூக்கில் ஏறுவது ஸ்பிரிட் வாசனை. மீன் குழம்பு வாசனையெல்லாம் அதற்குப் பிறகுதான். அப்பா தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, டேப் ரிக்கார்டருக்குள்ளே கேசட்டின் நாடா உரசிப் போகும் அந்தச் சின்ன உலோகத் துண்டை, அதாவது "ஹெட்டை", கைக்குழந்தைக்குக் காது துடைப்பதுபோலத் துடைப்பார். அந்த நேரத்தில் அம்மா கூப்பிட்டால் திரும்ப மாட்டார். கூப்பிட்டுப் பயனில்லை என்று தெரிந்தும் அம்மா கூப்பிடாமல் இருக்கமாட்டாள்.

திருவொற்றியூரில் நெடுஞ்சாலைக்குப் பின்னால் ஒட்டி ஒட்டிக் கட்டிய "லைன் வூடு"களில் ஒன்று எங்களுடையது. அப்பாவுக்குப் பக்கத்திலேயே ஒரு தொழிற்சாலையில் கொதிகலன் தகடு அடிக்கிற வேலை. ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் அவருடைய தோஸ்துகள் இரண்டு பேர் வருவார்கள். ராயபுரத்து ஜோசப் மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். மற்றவர்கள் கப்பல்காரர்களிடம் சிகரெட்டும் சென்ட்டும் கேட்டால் இவர் கேசட் கேட்பார். கஜா மாமாவுக்கு ஆட்டோ. சாவு வீட்டில் பாடுகிற கானாவைத் தானே பதிவு செய்து எடுத்துவருவார் என்பதால் அவர் கேசட்டில் பாட்டுக்கு நடுவே யாராவது மூக்கைச் சிந்துவதும் கேட்கும். அப்பாவுக்கு வயலின் பைத்தியம். நாளெல்லாம் சுத்தியல் பிடிக்கிற மனிதருக்கு அது எங்கிருந்து பிடித்தது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

"இந்த வாரம் இன்னா ஓடுது?" என்பதுதான் அவர்கள் ஒருவரையொருவர் நலம் விசாரிக்கிற முறை. அந்த வாரம் எந்தக் கேசட்டில் மயங்கிக் கிடக்கிறார்களோ அதைக் கொண்டுவந்து ஆளுக்கு ஒரு பக்கம் ஓடவிட வேண்டும். அதற்குப் பெயர் "பக்கம் போடறது". பக்கம் முடிந்து பொத்தான் டக்கென்று எழும்பும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. தெருவில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால்கூடக் கஜா மாமா முறைப்பார். முடிந்த பிறகு, கேசட் கொண்டுவந்தவர் "எந்த எடம்?" என்று கேட்பார். எந்த இடத்தில் உடம்பு சிலிர்த்தது என்று மற்றவர்கள் சொல்லியாக வேண்டும். சொல்லத் தெரியாதவன் கேட்கவே இல்லை என்று அர்த்தம்.

நான் ஆறாவதோ ஏழாவதோ படித்த வருஷம், ஒரு மழை நாளில், ஜோசப் மாமா ஒரு கேசட்டை நனையாமல் சட்டைக்குள் வைத்து எடுத்துவந்தார். "சேகரு, இது உனுக்குன்னே வாங்கினது. வாரம் பூரா கேட்டுகினே கீறேன், ஆச அடங்கல" என்றார். ஒரே ஒரு வயலின், துணைக்கு வேறு வாத்தியம் கிடையாது. அது மேலே மேலே ஏறி, இதற்குமேல் போக இடமில்லை என்று நாம் நினைக்கும்போது இன்னும் மெலிந்து ஏறியது. கஜா மாமா கண்ணை மூடிக்கொண்டார். அப்போது அப்பா கையை நீட்டி டேப்பை நிறுத்திவிட்டார். ஓடுகிற பக்கத்தைப் பாதியில் நிறுத்துவது எங்கள் வீட்டில் அதுவரை யாரும் செய்யாத காரியம்.

"மேல போனா சத்தமே அறுந்து பூடுது. ஹெட்டு அழுக்கா கீது" என்றார்.

துடைத்தார், போட்டார், மறுபடி நிறுத்தித் துடைத்தார். பிறகு சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்தார். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டித் திருகு உண்டு. அதை மயிரிழை அசைத்தால் ஒலி தெளிந்தாலும் தெளியும், மங்கினாலும் மங்கும். கேசட் பைத்தியங்கள் எல்லாருமே ஒரு தடவையாவது அதில் கைவைத்துக் கெடுத்தவர்கள்தான். அப்பா வயலினை ஓடவிட்டு அதைத் திருகினார். திருகத் திருக ஒலி மங்கி, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வாசிப்பதுபோல ஆகி, அந்த மெல்லிய உச்சி இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. அப்பா நிமிர்ந்து எங்களைப் பார்த்து, "இப்ப கேக்குதா?" என்றார்.

அவருக்கு இத்தனை நாளாக எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தது என்பது எங்களுக்கு அப்போதுதான் கேட்டது. "மொதல்லயே நல்லாத்தானே..." என்று நான் ஆரம்பித்தேன். "வாய மூடிகினு குந்துடி" என்றாள் அம்மா. எப்போதும் கத்துகிறவள் அன்று மெதுவாகச் சொன்னாள். அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது. ஜோசப் மாமா கேசட்டை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டூப்ளிகேட்டு மச்சான். கப்பக்காரன் நம்மள ஏமாத்திட்டான்" என்றார்.

பிறகு அம்மா அப்பாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். தகட்டுச் சத்தத்தில் காது நரம்பு போய்விட்டது, போனது திரும்பாது, இருப்பதும் குறையும் என்றார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று அவள் எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறாள். "பஞ்சு வெச்சா தகடு பேசுறது கேக்காது, அடி தப்பிப் பூடும்" என்பார் அப்பா. அடுப்பு எரிய வேண்டுமே, அதே தகட்டை அடிக்க மறுநாளும் போனார்.

அந்தத் திருகை யாரும் பழையபடி திருப்பி வைக்கவில்லை. ஜோசப் மாமாவுக்கு அது ஒரு நிமிஷ வேலை, ஆனாலும் தொடவில்லை. வருஷக்கணக்காக மாமாக்கள் இரண்டு பேரும் தங்கள் வீட்டில் தெளிவாகக் கேட்ட பாட்டை எடுத்துவந்து, எங்கள் வீட்டில் மங்கலாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். அப்பா அவர்கள் முகத்தைப் பார்த்துத் தலையாட்டப் பழகிக்கொண்டார். "எந்த எடம்?" என்று கேட்டால், கஜா மாமா எந்த இடத்தில் கண்ணை மூடினாரோ அதையே அப்பா சொல்லிவிடுவார். எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்துதான் இருக்கும். என் காதில் ஒன்றை எடுத்து அப்பாவுக்கு வைத்துவிடு என்று வடிவுடையம்மனிடம் வேண்டியிருக்கிறேன். அம்மன் என்ன செய்வாள், பாவம்.

இன்று லைன் வீடுகள் இருந்த இடத்தில் கன்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கஜா மாமா போய்விட்டார். ஊர் சாவையெல்லாம் பதிவு செய்த மனிதரின் சாவில் பாடிய கானாவைப் பதிவு செய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்கம் முடியும்வரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிற ஆட்களையும் நான் இப்போது எங்கும் பார்ப்பதில்லை. ஜோசப் மாமா மீஞ்சூரில் மகன் வீட்டில் இருக்கிறார். ஞாயிறு தவறாமல், அந்த வாரம் கேட்டுக்கொண்டிருக்கிற ஆல்பத்தை என் செல்போனுக்கு அனுப்பிவிடுவார். நாங்கள் இருப்பது எர்ணாவூரில். அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுத்தேன். பேச்சுக்குப் பரவாயில்லை, பாட்டுக்கு மட்டும் "தகரத்துல ஆணி கீறுற மாதிரி கீது" என்று கழற்றி வைத்துவிடுவார். அதை ஜோசப் மாமாவிடம் சொல்லக்கூடாது என்பது உத்தரவு.

போன ஞாயிறும் அனுப்பியிருந்தார். அப்பா சாப்பிட்டு முடித்ததும் நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆல்பத்தைத் தொட்டேன். நெட் கிடைக்கவில்லை, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எரிச்சலோடு நிமிர்ந்தால், அப்பா கண்ணை மூடித் தலையை அசைத்துக்கொண்டிருக்கிறார். திரை அவருக்குத் தெரியாதபடி செல்போனைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "அந்த நடுவுல எறங்கி வர எடம் சோக்கா கீதும்மா. ஜோசப்புக்குப் போட்டு வுடு" என்றார். அப்படியே எழுதி அனுப்பினேன்.

அவர் எழுந்து கை கழுவப் போன பிறகுதான் பாட்டு ஆரம்பித்தது. அதைக் கடைசிவரை நான் ஒருத்தியாக உட்கார்ந்து கேட்டேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது.